வாழையடி வாழை: விதையற்ற ஒரு கனியின் விருத்தி வரலாறு

முன்னுரை

அரசர்களின் பட்டியலையும் போர்களின் ஆண்டுகளையும் வரலாறெனக் கொண்ட காலம் மறைந்து, மக்கள் எதை உற்பத்தி செய்தனர், எவ்வாறு உற்பத்தி செய்தனர், அதன் பயனை யார் துய்த்தனர் என்ற வினாக்கள் வரலாற்றின் மைய வினாக்களாக இடம்பெற்றுள்ளன. இந்நோக்கிற் பார்க்கும்போது பயிர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது தெளிவாகும். நெல், கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியன பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயின், நம் வீட்டு வளவுகளில் வளரும் வாழை, கடந்த நூறாண்டுகளில் விஞ்ஞானமும் வணிகமும் அரசியலும் ஒன்றையொன்று எதிர்கொண்ட களமாக இருந்துள்ளமை நம்மிற் பலர் அறியாதது.

'வாழையடி வாழையாக வாழ்க' என வாழ்த்துவது தமிழர் மரபு. தாய்மரம் குலை ஈன்று மடியினும் அதன் கிழங்கிலிருந்து எழும் குட்டி அவ்விடத்தை நிரப்பும் என்ற காட்சியனுபவமே இவ்வாழ்த்திற்கு அடிப்படை. தாவரவியல் நோக்கில் இதன் பொருள் மேலும் ஆழமானது. வாழைக்குட்டி தாயின் பிள்ளையன்று. அது தாயின் உடலே. தாய்க்கும் குட்டிக்குமிடையே பரம்பரையலகுகளில் வேறுபாடில்லை; எப்போதேனும் நிகழும் விகாரம் ஒன்றே இதற்கு விலக்கு. தொடர்ச்சியின் சின்னமாக நாம் போற்றும் இவ்வியல்பே பயிர் விருத்தியாளருக்குப் பெருந்தடையாகவும், நோய்க்குத் திறந்த வாயிலாகவும் அமைந்தது. இம்முரண்பாடு வரலாற்றில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதையை இழந்த கனி

நாம் உண்ணும் வாழைகளுட் பெரும்பாலானவை இரண்டு காட்டினங்களின் வழிவந்தவை. ஒன்று, தென்கிழக்காசியாவிலும் நியூகினியிலும் பரந்து காணப்படும் மூசா அக்குமினாற்றா. மற்றையது, இந்தியா முதல் தென்சீனா, பிலிப்பைன்ஸ் வரை காணப்படும் மூசா பல்பிசியானா. இவ்விரு காட்டினங்களின் கனிகளும் கரிய, கடினமான விதைகளால் நிரம்பியவை. சதை மிகச் சிறிதளவே உண்டு. பப்புவா நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் நடைபெற்ற தொல்லியலாய்வுகள், ஏறத்தாழ 6,500 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழை பயிரிடப்பட்டமைக்குச் சான்று தருகின்றன.

கருக்கட்டல் நிகழாமலே சூலகம் சதைப்பற்றுள்ள கனியாகும் தன்மையைக் கன்னிக்கனியமாதல் என்பர். இத்தன்மை தோன்றிய செடிகளை ஆதிமனிதன் கண்டறிந்து, அவற்றின் குட்டிகளைப் பெயர்த்து நட்டான். அவன் செய்த இத்தெரிவே வாழையின் முதலாவது விருத்தி முயற்சி எனலாம். காலப்போக்கில் மும்மடியங்கள் தோன்றின. காட்டு வாழையின் கலமொன்றில் 11 சோடிகளாக 22 நிறமூர்த்தங்கள் உள்ளன; மும்மடிய வாழையிலோ 33 உள்ளன. மூன்று தொகுதிகளை இரண்டாகச் சமமாகப் பங்கிட இயலாதாகையால் ஒடுக்கற்பிரிவு சீர்குலைகின்றது. வளமான புணரிகள் அரிதாகவே உண்டாகின்றன. பெரிய குலையும் இனிய சதையும் கிடைத்தன. விலையாக விதை இழக்கப்பட்டது.

லின்னேயசு 18ஆம் நூற்றாண்டில் மூசா பரடிசியாக்கா, மூசா சப்பியென்றம் எனப் பெயரிட்டுத் தனி இனங்களாகக் கருதியவை உண்மையில் இனங்களல்ல, கலப்புப் பிறப்புக்களே. இதனை நோர்மன் சிம்மண்ட்சும் கெனத் ஷெப்பேர்ட்டும் 1955இல் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. ஒவ்வொரு வாழையும் அக்குமினாற்றாவிடமிருந்தும் பல்பிசியானாவிடமிருந்தும் எத்தனை தொகுதிகளைப் பெற்றுள்ளது என்பதைக் கொண்டு வகைப்படுத்தும் அவர்களது முறையே இன்றும் வழக்கிலுள்ளது. தமிழ்நாட்டில் இரசதாளி என்றும் சிங்களத்தில் கோலிக்குட்டு என்றும் வழங்கும் வாழை, அக்குமினாற்றாவின் இரு தொகுதிகளையும் பல்பிசியானாவின் ஒரு தொகுதியையும் உடையது. மொந்தனில் இவ்விகிதம் மறுதலையாகும்.

ஒற்றை வாழையின் பேரரசு

பல்லாயிரம் ஆண்டுகளாக உழவர் கையிற் பல்கிப் பெருகிய இவ்வாழைகளுள் ஒன்றே ஒன்றை உலகச் சந்தை தேர்ந்தெடுத்தது. தென்கிழக்காசியாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த 'குரோ மிசேல்' என்ற வாழை, 1830களில் மார்ட்டினிக்கிலிருந்து யமேக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தடித்த தோலும் நெருங்கிய சீப்புக்களும் உடைய இவ்வாழை, குலையோடு கப்பலில் அடுக்கி அனுப்பினும் எளிதிற் காயமுறாது. 1870இல் லொரென்சோ டோ பேக்கர் என்னும் கப்பற்றலைவர் யமேக்காவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கு வாழைக்குலைகளை ஏற்றிச்சென்று இலாபமீட்டினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக எழுந்த வணிக நிறுவனமும், மத்திய அமெரிக்காவில் புகையிரதப் பாதை அமைத்த மைனர் கீத் என்பாரின் தோட்டங்களும் 1899இல் ஒன்றிணைந்து 'யுனைற்றட் புறூட் கொம்பனி' உருவாயிற்று. மத்திய அமெரிக்காவில் நிலம், புகையிரதம், துறைமுகம் ஆகியவற்றைத் தன்வசப்படுத்திய இந்நிறுவனத்தின் வல்லமை முழுவதும் ஒரேயொரு வாழையின் மீது கட்டியெழுப்பப்பட்டிருந்தது. ஆயிரமாயிரம் ஏக்கரில் நின்ற மரங்கள் யாவும் பரம்பரையியல் நோக்கில் ஒரே மரம்.

இந்நிலையிலேயே 'பனாமா நோய்' பரவியது. வாடல் நோயாகிய இது 1870களில் அவுஸ்திரேலியாவிற் குறிப்பிடப்பட்டதாயினும், பனாமாவின் தோட்டங்களில் விளைத்த பேரழிவினால் அப்பெயரைப் பெற்றது. இதனை உண்டாக்கும் பியூசேரியம் பங்கசை 1910இல் ஏர்வின் சிமித் என்ற அமெரிக்க விஞ்ஞானி விவரித்தார். மண்ணில் வாழும் இப்பங்கசு வேர்வழி நுழைந்து காழ்க்கலன்களை அடைக்கின்றது; முதிர்ந்த இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளித்து முறிந்து தொங்குகின்றன; மரம் வாடி மடிகின்றது. மருந்து தெளித்து இதனைக் கட்டுப்படுத்த இயலாது. இதன் வித்திகள் பல தசாப்தங்கள் மண்ணில் உறங்கியிருக்க வல்லவை. நோயுற்ற நிலத்தில் மீண்டும் அதே வாழையை நடுவது பயனற்றது.

கொம்பனிகள் கண்ட வழி எளிமையானது: நோயுற்ற நிலத்தைக் கைவிட்டுப் புதுக்காட்டை அழித்து நடுதல். 1960ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் குரோ மிசேல் தோட்டங்கள் இந்நோயால் அழிந்தோ கைவிடப்பட்டோ போயின என மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்வாறு நகர்ந்துகொண்டேயிருக்கும் பயிர்ச்செய்கைக்குப் பெருமளவு ஒதுக்குநிலம் தேவைப்பட்டது. குவாத்தமாலாவில் ஜனாதிபதி ஆர்பென்சின் அரசு 1952இல் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை இயற்றிப் பயிரிடப்படாத பெருநிலங்களைச் சுவீகரிக்க முற்பட்டபோது, நோயை முன்னிட்டு ஒதுக்குநிலம் தமக்கு இன்றியமையாதது எனக் கொம்பனி வாதிட்டது. 1954இல் அவ்வரசு ஐக்கிய அமெரிக்காவின் மறைமுக ஆதரவுடன் கவிழ்க்கப்பட்டது. அக்கவிழ்ப்பிற்குப் பல காரணங்கள் உள. எனினும், நிலமற்ற குடியானவனுக்கும் உறங்கும் நிலத்துக்குமிடையே மதிலாக நின்றவற்றுள், ஒரே வாழையை மட்டும் நட்டதன் விளைவும் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

திரினிடாட்டில் தொடங்கிய முயற்சி

நோயெதிர்ப்புடைய வாழையைக் கலப்பின் மூலம் பெறும் முறையான முயற்சி 1922இல் திரினிடாட்டிலும், 1924இல் யமேக்காவிலும் தொடங்கியது. திரினிடாட்டில் இதனை மேற்கொண்ட வெப்பவலய விவசாயக் கல்லூரி, பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கு விவசாய அலுவலர்களைப் பயிற்றிய நிலையமாகும். ஆய்வாளரை எதிர்நோக்கிய முதல் வினா, விதையில்லாத ஒரு மரத்தைக் கலப்புச் செய்வது எவ்வாறு என்பதாகும்.

விடை குரோ மிசேலிலேயே மறைந்திருந்தது. அது முற்றாக மலடன்று. காட்டு வாழையின் மகரந்தத்தை அதன் பெண்பூக்களில் இட்டால் மிக அரிதாக ஒரு விதை உண்டாகும். ஒரு குலைக்கு ஒன்றிரண்டு விதைகள் கிடைத்தாலே பெரிது. அவ்விதை தோன்றும் முறையும் விந்தையானது. தாயின் 33 நிறமூர்த்தங்களும் குறைவுறாது முழுமையாகச் சூல்வித்தினுட் செல்ல, தந்தையின் 11 அவற்றோடு இணைந்து 44 உடைய நான்மடியம் பிறக்கின்றது. ஆகவே குரோ மிசேலின் குணங்கள் ஏறக்குறைய முழுமையாகக் காக்கப்பட்டு, தந்தையின் நோயெதிர்ப்பு அவற்றோடு சேர்கின்றது. கோட்பாட்டளவில் இதனினும் சிறந்த வழி வேறில்லை.

நடைமுறையோ பெரும்பொறுமையை வேண்டியது. அதிகாலையில் ஏணியிலேறி ஒவ்வொரு பொத்தியிலும் மகரந்தமிட வேண்டும். குலை முற்றிப் பழுத்தபின் ஆயிரக்கணக்கான பழங்களைப் பிசைந்து சல்லடையிலிட்டு விதை தேட வேண்டும். கிடைத்த விதைகளுட் பல முளைக்கமாட்டா; பிற்காலத்தில் அவற்றின் முளையத்தைப் பிரித்தெடுத்து வளர்ப்பூடகத்தில் வளர்க்கும் முறை கையாளப்பட்டது. முளைத்த செடி குலை ஈனும்வரை மேலும் ஓராண்டுக்கு மேலாகக் காத்திருத்தல் வேண்டும்.

இம்முயற்சியிற் பிறந்த 'ஐ.சீ. 2' போன்ற கலப்பினங்கள் பனாமா நோயை எதிர்த்தன. ஆனால், பீஜித் தீவின் பள்ளத்தாக்கொன்றின் பெயரைத் தாங்கிய 'சிகற்றோக்கா' இலைப்புள்ளி நோய் 1930களில் கரிபியனை அடைந்தபோது ஆய்வாளரின் இலக்கே இரட்டித்தது. ஒரு நோயை வெல்லும் முன் மற்றொரு நோய் வந்தது. யமேக்காவிற் பிறந்த 'பொட்லஸ் அல்ற்றபோட்' முதலிய நான்மடியங்களும் குரோ மிசேலின் இடத்தைப் பிடிக்கவில்லை. சந்தை எதிர்பார்த்தது நல்ல வாழையை அன்று. நோயெதிர்க்கும் குரோ மிசேலையே. சுவையிலோ குலையமைப்பிலோ சிறிது வேறுபட்டவையும் புறக்கணிக்கப்பட்டன.

நெருக்கடியைத் தீர்த்தது யார்?

இறுதியில் வணிகத்தைக் காத்தது ஆய்வுகூடத்திற் பிறந்த வாழையன்று. தென்சீனாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு, மொரீசியசு வழியாக இங்கிலாந்தை அடைந்து, 1830களில் டெவன்ஷயர் கோமகனின் சற்ஸ்வேர்த் மாளிகைக் கண்ணாடியில்லத்தில் தோட்ட அதிபர் யோசெப் பக்ஸ்ரனால் வளர்க்கப்பட்டு, கோமகனின் குடும்பப் பெயரால் 'கவெண்டிஷ்' எனப்பட்ட வாழையே அது. கவெண்டிஷ் குழுவைச் சேர்ந்த வாழைகள் பனாமா நோயின் அன்றைய வகையை எதிர்த்தன. இது முன்னரே அறியப்பட்டிருந்தும், தோல் மென்மையானது, எளிதிற் காயமுறும் என்பதால் கொம்பனிகள் தயங்கின. 1950களின் பிற்பகுதி தொடங்கி, குலையாக அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டுச் சீப்புக்களாக வெட்டி அட்டைப்பெட்டியில் அனுப்பும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1960களில் மாற்றம் நிறைவெய்தியது.

இங்கு இரு உண்மைகள் புலனாகின்றன. உலக வணிகத்தைக் காத்த கவெண்டிஷ், பெயரறியா ஆசிய உழவர் தேடிப் பேணிய செல்வம் என்பது ஒன்று. இம்மாற்றம் நோயைத் தீர்த்ததேயன்றி நோய்க்கு வழிவகுத்த முறையைத் தீர்க்கவில்லை என்பது மற்றொன்று. ஒரு மரத்தின் இடத்தில் இன்னொரு மரம் நடப்பட்டது. ஒற்றை வாழை என்ற நியதி அப்படியே நிலைத்தது. மேலும், குரோ மிசேலிலாவது அரிதாக விதை உண்டாயிற்று. கவெண்டிஷ் ஏறக்குறைய முழு மலடு. விருத்திக்கு மேலும் இடந்தராத வாழையை நோக்கியே உலகச் சந்தை நகர்ந்தது.

காட்டை நாடிய ஆய்வு

யுனைற்றட் புறூட் கொம்பனி 1959இல் ஹொண்டூராசில் தன் சொந்த விருத்தித் திட்டத்தைத் தொடங்கியது. போல் அலன் முதலியோர் தென்கிழக்காசியாவிற் பயணஞ்செய்து நூற்றுக்கணக்கான காட்டு வாழைகளையும் நாட்டு வாழைகளையும் சேகரித்தனர். அத்திட்டத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய பிலிப் றோ கைக்கொண்ட நெறி பொறுமையின் நெறியாகும். காட்டுவாழையை நேரே தந்தையாக்கினால் அதன் குறைகளும் உடன்வரும். ஆகவே முதலில் இருமடியங்களையே தலைமுறை தலைமுறையாகத் தம்முட் கலந்து, நோயெதிர்ப்பும் நல்ல குலையும் ஒருங்கமைந்த தந்தைகளை உருவாக்க வேண்டும். அதன்பின்னரே அவற்றை மும்மடியத் தாயுடன் சேர்க்க வேண்டும். வேரைத் துளைக்கும் நூற்புழுவை எதிர்க்கும் ஆற்றல், மலாய் மொழியில் 'முதலை விரல்' எனப் பொருள்படும் 'பீசாங் ஜாரி புவாயா' என்ற வாழையிலிருந்து இவ்வாறு பெறப்பட்டது.

1984இல் கொம்பனி இத்திட்டத்தை ஹொண்டூராசின் விவசாய ஆராய்ச்சி நிறுவனமொன்றுக்கு நன்கொடையாக அளித்தது. கால் நூற்றாண்டு முயற்சி ஏற்றுமதி வாழையைத் தரவில்லை என்ற வணிகக் கணக்கும் இதன் பின்னால் இருந்தது எனக் கருதலாம். ஆயின் விளைவு எதிர்பாராதது. கைமாறியபின் அங்கு உருவான 'எப்.எச்.ஐ.ஏ. 01' முதலிய கலப்பினங்கள் பனாமா நோயையும், 1972இல் ஹொண்டூராசை அடைந்த கருஞ்சிகற்றோக்காவையும் எதிர்த்தன. அமெரிக்கச் சந்தை அவற்றை ஏற்காவிடினும், மருந்துக்குப் பணமில்லா நிலையில் 1990களில் கியூபா அவற்றை ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் நட்டது. நைஜீரியாவிலும் உகண்டாவிலும் மக்களின் அன்றாட உணவாகிய சமையல் வாழைகளுக்கும் இதே நெறியில் விருத்தி முயற்சிகள் எழுந்தன. உலகில் விளையும் வாழையின் பெரும்பகுதி விளைந்த நாடுகளிலேயே உண்ணப்படுவது. ஏற்றுமதியை அளவுகோலாகக் கொண்டபோது தோல்வியெனத் தோன்றிய ஆய்வு, உண்பவனை அளவுகோலாகக் கொண்டபோது வெற்றியாயிற்று.

நம் பிரதேச அனுபவம்

தமிழ்நாட்டில் 1949இல் ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டு வாழைக் கலப்பு முயற்சிகள் தொடங்கின. பின்னர் கோயம்புத்தூரில், கதலியையும் காட்டு பல்பிசியானாவையும் மூதாதையருட் கொண்ட 'கோ.1' என்ற கலப்பினம் வெளியிடப்பட்டது. பழனி, சிறுமலைப் பகுதிகளின் புகழ்பெற்ற விருப்பாட்சி மலைவாழை, முடிக்கொத்து நோயினால் பெருமளவு அழிந்தமையே இத்தகைய வாழையைத் தேடத் தூண்டியது. திருச்சிராப்பள்ளியில் 1993இல் வாழைக்கெனத் தேசிய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

முடிக்கொத்து நோயின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. அசுவினியாற் பரவும் வைரசு இதனை உண்டாக்குகின்றது. இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாகத் திரளும். நோயுற்ற மரம் பயனுள்ள குலை ஈனாது. 1913இல் இந்நோய் இலங்கையிற் பதிவாகியது. 1940களில் இது கேரளத்தை அடைந்தது இலங்கையிலிருந்து சென்ற நடுகைப்பொருளினாலேயே எனக் கருதப்படுகின்றது. நோயுற்ற குட்டியொன்று கடல்கடந்தாற் போதும், வாழையடி வாழையாக நோயும் தொடரும். வைரசு அற்றதெனச் சோதித்த தாயிலிருந்து இழைய வளர்ப்பினாற் கன்றுகளைப் பெறும் முறை இதற்குப் பிற்காலத்தில் கிடைத்த தகுந்த பரிகாரமாகும். பனாமா நோயும் நமக்குப் புதியதன்று. சந்தையில் உயர்ந்த விலைபெறும் கோலிக்குட்டு அந்நோய்க்கு எளிதில் இரையாவது.

மீண்டும் ஒரு நெருக்கடி

1960களின் பிற்பகுதியில் தாய்வானில் கவெண்டிஷ் வாழைகள் வாடத் தொடங்கின. பங்கசின் புதிய வகையொன்று அவற்றின் எதிர்ப்பை முறியடித்திருந்தது. 'வெப்பமண்டல இனம் 4' எனப் பிற்காலத்தில் அழைக்கப்பட்ட வகை தென்கிழக்காசியாவிற் பரவி, 2013இல் மொசாம்பிக்கிலும் 2019இல் கொலம்பியாவிலும் 2021இல் பேருவிலும் உறுதிசெய்யப்பட்டது, இந்தியாவையும் அடைந்துள்ளது. உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியும், ஏற்றுமதியில் ஏறக்குறைய முழுவதும் கவெண்டிஷ் ஆக இருக்கும் நிலையில் இதன் பாரதூரத் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு விடை தேடியோர் மூன்று வழிகளிற் சென்றனர். தாய்வான் ஆய்வாளர், இழைய வளர்ப்பின்போது இயல்பாகத் தோன்றும் விகாரங்களிலிருந்து ஓரளவு எதிர்ப்புடைய கவெண்டிஷ் வகைகளைத் தெரிந்தெடுத்தனர். ஹொண்டூராசிலோ கவெண்டிஷையே கலப்புச்செய்யத் துணிந்து, ஏறத்தாழ 20,000 குலைகளில் மகரந்தமிட்டுச் சுமார் 200 விதைகளைக் கண்டெடுத்தனர். அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் குழுவினர், காட்டு அக்குமினாற்றாவின் எதிர்ப்புப் பரம்பரையலகொன்றைக் கவெண்டிஷினுட் செலுத்தினர். அவ்வாழை 2024இல் அந்நாட்டு அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது. 2012இல் வாழையின் பரம்பரையலகுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டமை இத்தகைய ஆய்வுகளுக்கு விரைவளித்தது.

இவற்றுள் இறுதி வழி நுட்பத்தில் மிகப் புதியது. எனினும் அதுவும் நாடியது காட்டு வாழையையே. கலப்பும் பரம்பரையலகு மாற்றமும் எதிர்ப்பைத் தாமாகப் படைப்பதில்லை. இயற்கையில் உள்ளதை இடம்மாற்றுகின்றன. அது இயற்கையில் அழிந்துவிடின் இடம்மாற்றுவதற்கு எதுவுமில்லை. அதுபோலவே, ஒரு பரம்பரையலகை ஏற்ற கவெண்டிஷை மீண்டும் உலகெங்கும் ஒற்றை வாழையாக நட்டால், குரோ மிசேலின் வரலாறு மூன்றாம் முறை எழுதப்படாது என்பதற்கு உறுதியில்லை.

முடிவுரை

வாழையின் விருத்தி வரலாறு, விஞ்ஞானம் தோற்ற வரலாறன்று. விதையற்ற மரத்திலிருந்து விதையைப் பெற்ற ஆய்வாளரின் உழைப்பு போற்றற்குரியது. ஆயின் எவ்வினாவுக்கு விடை தேடுவது என்பதை விஞ்ஞானம் மட்டும் தீர்மானிக்கவில்லை. சந்தையே பெரிதும் தீர்மானித்தது. 'குரோ மிசேலுக்கு மாற்று எது?', 'கவெண்டிஷுக்கு மாற்று எது?' என ஒருமையில் வினவப்பட்டவரை விடையும் ஒருமையிலேயே கிடைத்தது. அவ்வொருமையே அடுத்த நோய்க்கு உணவாயிற்று. எத்தனை வாழைகளை அருகருகே பேணமுடியும் என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில், 1,500க்கு மேற்பட்ட வாழை வகைகள் சோதனைக்குழாய்களில் சர்வதேசச் சேகரிப்பாகப் பேணப்படுகின்றன. அது இன்றியமையாத பணி. எனினும், சோதனைக்குழாயில் உறங்கும் வாழை புதிய நோயை எதிர்கொள்வதில்லை, மாறுவதுமில்லை. உழவன் வளவிலும் காட்டோரத்திலும் நிற்கும் வாழையே அதனைச் செய்கின்றது. இலங்கையின் காடுகளில் இவ்விரு காட்டினங்களும் வளர்கின்றன. நீர்வேலி போன்ற ஊர்களில் கதலி, இதரை, கப்பல், மொந்தன் எனப் பல வாழைகளைக் கமக்காரர் இன்றும் அறிவர். எந்த வகை எந்நோயைத் தாங்கும், எம்மண்ணில் நன்கு வளரும் என்பது பற்றி அவர்களிடமுள்ள அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. அதனைத் தேடிப் பதிவு செய்வதும், காட்டிலுள்ள விதைவாழைகள் அழியுமுன் அவற்றைக் காப்பதும் தாவரவியல், விவசாயம், வரலாறு ஆகிய துறைகளைப் பயிலும் நம் பல்கலைக்கழக மாணவர் ஒன்றிணைந்து ஆற்றக்கூடிய பணிகளாகும். இனிய கனிக்காக மனிதன் விலக்கிய விதையில்தான் அக்கனியின் எதிர்காலம் தங்கியுள்ளது.